ஜப்பானிய ஃபாமிரெஸ், அமெரிக்க ஃபேமிலி ரெஸ்டாரன்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோக்கியோவுக்கு வேலை மாறிப் போகிறவர்களும், அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் வருகிறவர்களும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். மெக்டொனால்ட்ஸ் போன்ற துரித உணவுக் கடைகள் இதில் இல்லை. உட்காரவைத்து, மேசைக்கே கொண்டுவந்து தரும் நடுத்தர விலை செயின்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

ஃபேமிலி ரெஸ்டாரன்ட்னா குடும்பத்தோட போற ஓட்டல்தானே? ரெண்டு நாட்டுலயும் ஒண்ணுதானே?

அமெரிக்காவில் 'ஃபேமிலி டைனிங்' என்பது தனி வகை. டென்னீஸ், ஐஹாப், கிராக்கர் பேரல் போன்றவை அதில் வரும். நாள் முழுக்கக் காலை உணவு கிடைக்கும். மது பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் அது முக்கியமில்லை. ஆப்பிள்பீஸ், சில்லீஸ் போல நடுவில் ஒரு பார் வைத்து நடத்துகிறவற்றை 'கேஷுவல் டைனிங்' என்று வேறு பெட்டியில் போடுவார்கள்.

ஜப்பானில் இந்தப் பிரிவினை கிடையாது. கஸ்டோ, சைசேரியா, டென்னீஸ், ராயல் ஹோஸ்ட், ஜோனதன்ஸ், கோகோஸ் எல்லாமே ஃபாமிரெஸ்தான் ('ஃபேமிலி ரெஸ்டாரன்ட்' என்பதன் ஜப்பானியச் சுருக்கம்). பெயரில்தான் குடும்பம் இருக்கிறது. மதியம் அலுவலகக்காரர்கள், பிற்பகலில் அம்மாக்கள் கூட்டம், மாலையில் நோட்டுப் புத்தகத்தோடு மாணவர்கள், இரவில் தனியாக வந்து பீர் குடித்துவிட்டுப் போகிறவர்கள். சைசேரியாவில் ஒரு கிளாஸ் ஒயின் 100 யென். பக்கத்து மேசையில் குழந்தை ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். யாருக்கும் அது விசித்திரமாகத் தெரியாது.

ஜப்பான்காரங்க இதை அமெரிக்காவுல இருந்து காப்பி அடிச்சதுதானே?

தொடக்கம் அப்படித்தான். போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் கார், நெடுஞ்சாலை, புறநகர் வீடு மூன்றும் சேர்ந்து வளர்ந்தன. சாலையோரக் காபி ஷாப்களும் கூடவே வளர்ந்தன. ஜப்பானில் அதே நிலைமை 1970 வாக்கில் வந்தது. அந்த ஆண்டு ஒசாகா உலகக் கண்காட்சியில் அமெரிக்கப் பகுதியின் உணவகங்களை நடத்தும் பொறுப்பு ஃபுகுவோகாவைச் சேர்ந்த ராயல் நிறுவனத்துக்குக் கிடைத்தது. ஃபுகுவோகாவிலேயே சமைத்து, உறையவைத்து, ஒசாகாவுக்கு அனுப்பிப் பரிமாறினார்கள். ஒரே சமையல் கூடத்திலிருந்து தூரத்துக் கடைகளை நடத்த முடியும் என்பது அங்கே நிரூபணமானது. 1971இல் கிடாக்யூஷுவில் முதல் ராயல் ஹோஸ்ட் திறந்தது.

அதற்குச் சற்று முன்பே, 1970 ஜூலையில், டோக்கியோவின் மேற்குப் புறநகரில் முதல் ஸ்கைலார்க் திறந்துவிட்டது. அதுவரை மளிகைக் கடை நடத்திவந்த யோகோகவா சகோதரர்கள் நால்வர் தொடங்கியது. அமெரிக்காவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பெரிய ஜன்னல், வாகன நிறுத்தம், சோபா இருக்கை என்று அதே அச்சில் கட்டினார்கள். கட்டடம் அமெரிக்கா. தட்டில் வந்தது வேறு: பன் இல்லாத ஹம்பர்க் (கொத்திய இறைச்சியைத் தட்டிச் சுட்டது), பக்கத்தில் சோறு.

டென்னீஸ் ரெண்டு ஊர்லயும் இருக்கே. அதே பேன்கேக், முட்டை, பேக்கன் கிடைக்குமா?

பெயரை நம்பிப் போனால் ஏமாற்றம்தான். அமெரிக்க டென்னீஸ் 1953இல் கலிபோர்னியாவில் டோனட் கடையாகத் தொடங்கியது. இட்டோ-யோகாடோ நிறுவனம் உரிமம் வாங்கி 1974இல் யோகோஹாமாவின் காமியோவோகாவில் ஜப்பானின் முதல் டென்னீஸைத் திறந்தது. அதே நிறுவனம்தான் அதே ஆண்டு ஜப்பானின் முதல் செவன்-லெவனையும் திறந்தது. 1984இல் ஜப்பானுக்கான வணிகப் பெயர் உரிமையையும் விலைக்கு வாங்கிவிட்டார்கள். அப்புறம் அமெரிக்கத் தலைமையகத்தைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

அமெரிக்க டென்னீஸின் அடையாளமான கிராண்ட் ஸ்லாம் காலை உணவு (பேன்கேக், முட்டை, பேக்கன், சாசேஜ்) 1977இல் பேஸ்பால் வீரர் ஹேங்க் ஆரனைக் கௌரவிக்க அட்லாண்டாவில் வந்தது. ஜப்பானிய டென்னீஸில் அதைத் தேடாதீர்கள். அங்கே ஹம்பர்க், டோரியா என்கிற வெள்ளை சாஸ் ஊற்றிச் சுட்ட சோறு, ஜப்பானிய முறை பாஸ்தா, பருவத்துக்கு ஏற்ப மாறும் பழ பார்ஃபே. ஸ்ட்ராபெரி பார்ஃபேக்காகவே போகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் நானும் அவர்கள் கட்சி.

உள்ளே போனதும் நாமளே இடம் பார்த்து உட்காரலாமா?

இரண்டு நாட்டிலும் வாசலில் கொஞ்சம் நில்லுங்கள். அமெரிக்காவில் ஒருவர் வந்து அழைத்துப் போவார். ஜப்பானில் எத்தனை பேர் என்று விரலைக் காட்டினால் போதும். பல கடைகளில் வாசல் இயந்திரத்தில் எண்ணிக்கையை அழுத்தினால் மேசை எண் அச்சாகி வரும்.

மேசை மேல ஒரு பட்டன் இருக்கே, அதை அமுக்கிக் கூப்பிடறது மரியாதைக் குறைவு இல்லையா?

இல்லவே இல்லை. அமுக்காவிட்டால்தான் பசியோடு உட்கார்ந்திருப்பீர்கள். ஜப்பானில் பணியாளர் தானாக வந்து "எல்லாம் நன்றாக இருக்கிறதா?" என்று கேட்க மாட்டார். நீங்கள் பட்டனை அழுத்தினால் சுவரில் மேசை எண் எரியும், யார் கையில் வேலை இல்லையோ அவர் வருவார். தண்ணீர் கொண்டுவந்தவர் ஒருவர், ஆர்டர் எடுத்தவர் இன்னொருவர், தட்டைக் கொண்டுவந்தவர் மூன்றாமவர் என்று இருக்கும். இப்போது பல செயின்களில் ஆர்டரை மேசையில் உள்ள டேப்லெட்டிலேயே போட்டுவிடலாம், ஆங்கிலத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம். சைசேரியாவில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து உணவின் எண்ணைத் தட்ட வேண்டும்.

அமெரிக்காவில் உங்கள் மேசைக்கென்று ஒருவர் இருப்பார். பெயர் சொல்லி அறிமுகமாவார், சாப்பிடும்போது இரண்டு முறையாவது வந்து விசாரிப்பார். வேறு பணியாளரைக் கூப்பிட்டால் "உங்கள் சர்வரை அனுப்புகிறேன்" என்பார். காரணம் எளிது: அந்த மேசையின் டிப் அவருடையது. டிப் இல்லாத ஜப்பானில் எந்த மேசையும் யாருக்கும் சொந்தமில்லை, அதனால் எல்லா மேசையும் எல்லோருக்கும் பொது. ஜப்பானியர் அடக்கமானவர்கள், அமெரிக்கர் வாயாடிகள் என்று குணத்தை வைத்து விளக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பாதி வித்தியாசம் விளங்கிவிடும். கீழே பல பதில்களில் இதற்கே திரும்பி வருவேன்.

டிப் வைக்காம எழுந்து வந்தா என்ன ஆகும்?

ஜப்பானில் ஒன்றும் ஆகாது. வைத்தால்தான் சிக்கல், காசை மறந்துவிட்டீர்கள் என்று நினைத்து வாசல்வரை துரத்திக்கொண்டு வருவார்கள்.

அமெரிக்காவில் சட்டப்படி ஒன்றும் ஆகாது, ஆனால் ஒரு மனிதரின் கூலியில் கை வைக்கிறீர்கள். டிப் வாங்குகிற பணியாளருக்கு முதலாளி நேரடியாகத் தரவேண்டிய கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991 முதல் அது ஏறவில்லை. பொதுவான குறைந்தபட்சக் கூலியான 7.25 டாலரை டிப் நிரப்பும் என்பது கணக்கு. நிரம்பாவிட்டால் மீதியை முதலாளி தரவேண்டும். கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில் முதலாளிக்கு இந்தச் சலுகை கிடையாது, முழுக் கூலியும் தந்தாக வேண்டும். ஆனாலும் அங்கேயும் டிப் பழக்கம் போகவில்லை. வரிக்கு முந்தைய தொகையில் 15 முதல் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கூட்டமாகப் போனால் பில்லிலேயே சேர்த்திருப்பார்கள், பார்த்துவிட்டு வையுங்கள். கவனிக்காமல் இரண்டு முறை டிப் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

சாப்பிட்டு முடிச்சு அரை மணி நேரமாச்சு, பில்லே வரலை. மறந்துட்டாங்களா?

ஜப்பானிலா? பில் ஏற்கெனவே மேசையில் இருக்கும். ஓரத்தில் சிறிய குழாயில் சுருட்டிச் செருகிய சீட்டைப் பாருங்கள். அதை எடுத்துக்கொண்டு வாசலில் உள்ள கவுன்டரில் கட்டவேண்டும். டேப்லெட் உள்ள இடங்களில் மேசை எண்ணே போதும்.

அமெரிக்காவில் பொதுவாக உங்கள் சர்வர் பில்லை மேசைக்குக் கொண்டுவருவார், கார்டை வாங்கிப் போய்த் தேய்த்து வருவார், டிப் தொகையை நீங்கள் எழுதிக் கையெழுத்திடுவீர்கள். ஆனால் வாஃபிள் ஹவுஸ், கிராக்கர் பேரல் போன்ற இடங்களில் அங்கேயும் வாசல் கவுன்டரில்தான் பணம் கட்டுவார்கள். கவுன்டரில் கட்டுவது ஜப்பானுக்கே உரிய வழக்கம் என்று நினைக்க வேண்டாம்.

மெனுவுல ஒரு விலை, கடைசியில வேற விலை. ஏன்?

அமெரிக்காவில் எப்போதும் அப்படித்தான்: மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊர் மாறும் விற்பனை வரி, அதன்மேல் டிப். 15 டாலர் தட்டு 19 டாலரில் முடிந்தால் அதிசயமில்லை. ஜப்பானில் 2021 ஏப்ரல் முதல் வரி சேர்த்த விலையைக் காட்டியாக வேண்டும். அமர்ந்து சாப்பிட்டால் 10 சதவீதம், பார்சல் வாங்கினால் 8.

ஒரு விதிவிலக்கு உண்டு. பல ஃபாமிரெஸ்களில் இரவு 10 மணிக்கு மேல் பில்லில் 10 சதவீத அளவுக்கு இரவுக் கட்டணம் சேரும். ஜப்பானியத் தொழிலாளர் சட்டப்படி இரவு 10 முதல் காலை 5 வரை வேலை செய்கிறவருக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதல் கூலி தரவேண்டும். அதில் ஒரு பங்கு உங்கள் தலையில். அமெரிக்காவில் பணியாளருக்கான பணத்தை நீங்கள் கையில் கொடுக்கிறீர்கள், ஜப்பானில் கடை கணக்குப் போட்டு வாங்கிக்கொள்கிறது.

டிரிங்க் பார் வாங்கினா எவ்வளவு நேரம் வேணும்னாலும் உட்காரலாமா?

ஜப்பானில் ஒரு முறை கட்டணம் கட்டினால் காபி, டீ, சோடா, பழச்சாறு, சூடான கோகோ எல்லாவற்றையும் நீங்களே போய் எத்தனை முறையும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒருவர் வாங்கி நான்கு பேர் குடிப்பது கூடாது; தலைக்கு ஒன்று. உணவோடு சேர்த்து வாங்கினால் மலிவு. அமெரிக்காவிலும் காபியும் சோடாவும் திரும்பத் திரும்பக் கிடைக்கும், ஆனால் ஊற்றுகிறவர் சர்வர். கோப்பை காலியாவதற்குள் வந்து நிற்பார்.

எவ்வளவு நேரம் என்பதற்கு எழுதாத விதி இரண்டு நாட்டிலும் வேறு வேறு. அமெரிக்காவில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு மணியும் அந்த சர்வர் அடுத்து வருகிறவர்களின் டிப்பை இழக்கிறார். அதனால் கேட்காமலே பில்லை வைத்துவிட்டு "அவசரமில்லை" என்பார். அவசரம்தான், எழுந்திருங்கள். ஜப்பானில் அப்படி யாரும் நெருக்க மாட்டார்கள். பரீட்சைக்குப் படிப்பவர்கள், மடிக்கணினியோடு வேலை பார்ப்பவர்கள் எல்லோருக்கும் ஃபாமிரெஸ் இரண்டாவது வீடு. தனியாக வருகிறவர்களுக்கு மின் இணைப்போடு தடுப்பு இருக்கை வைத்த கிளைகளும் உண்டு. ஆனால் மதிய, இரவு உணவு நேரத்தில் 'படிப்பதைத் தவிர்க்கவும்' என்று அட்டை வைத்திருந்தால் அது வெறும் அலங்காரமில்லை.

வெங்காயம் வேண்டாம், சாஸ் தனியா வேணும்னு சொன்னா செய்வாங்களா?

அமெரிக்காவில் நீங்கள் சொல்லாவிட்டாலும் அவர்களே கேட்பார்கள்: முட்டை எப்படி, ரொட்டி எந்த வகை, உருளைக்கிழங்கா பழமா, சாலட்டுக்கு எந்த டிரெஸ்ஸிங். முதல்முறை போகிறவருக்கு நேர்முகத் தேர்வு மாதிரி இருக்கும். அடுப்பில் அந்த நேரத்தில் செய்கிற காலை உணவாதலால் மாற்றுவது எளிது.

ஜப்பானில் சோறா ரொட்டியா, சோறு கூடவா குறைவா என்பதோடு தேர்வு முடிந்துவிடும். ஹம்பர்க், சாஸ், சூப் எல்லாம் மையச் சமையல் கூடத்தில் தயாராகி வருகின்றன. சைசேரியா தன் வெள்ளை சாஸையும் ஹம்பர்க்கையும் ஆஸ்திரேலியாவில் சொந்தத் தொழிற்சாலை வைத்தே செய்கிறது. 300 யென்னுக்கு மிலான் டோரியா தர முடிவதன் ரகசியத்தில் இதுவும் ஒன்று. கடையில் இருப்பவரால் அந்த சாஸிலிருந்து எதையும் பிரித்தெடுக்க முடியாது. அவர் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டால் அது 'முடியாது' என்று அர்த்தம்.

நாங்க சைவம். ஜப்பான் ஃபாமிரெஸ்ல என்ன சாப்பிடறது?

நேர்மையாகச் சொன்னால், கஷ்டம். இறைச்சி கண்ணுக்குத் தெரியும், தவிர்க்கலாம். மீன் தெரியாது. மிசோ சூப், ஜப்பானிய டிரெஸ்ஸிங், வேகவைத்த காய்கறி எல்லாவற்றிலும் தாஷி என்கிற சாறு இருக்கும். அது பெரும்பாலும் உலர்ந்த கட்சுவோ மீனிலிருந்து எடுப்பது. சோளச் சூப்பிலும் கோழிச் சாறு இருக்கலாம். கீரை வதக்கலில் பேக்கன் துண்டுகள் ஒளிந்திருக்கும்.

பலர் ஒவ்வாமைப் பட்டியலைப் பார்க்கச் சொல்வார்கள். நல்ல யோசனை, ஆனால் பாதிதான் உதவும். பெரிய செயின்களின் பட்டியலில் மாட்டிறைச்சி, பன்றி, கோழி, ஜெலட்டின் உண்டா என்று குறித்திருக்கும். மாடு மட்டும் அல்லது பன்றி மட்டும் தவிர்க்கிறவர்களுக்கு அது பெரிய வரம், ஏனென்றால் ஹம்பர்க் பல இடங்களில் இரண்டும் கலந்தது. ஆனால் ஜப்பானின் அதிகாரபூர்வ ஒவ்வாமைப் பொருள்களில் கானாங்கெளுத்தியும் சால்மனும் உண்டு, கட்சுவோ இல்லை. அதனால் பட்டியல் முழுக்கச் சுத்தமாக இருந்தாலும் தாஷி உள்ளே இருக்கலாம். கண்டிப்பான சைவர்களுக்கு இத்தாலிய வகை செயின்கள் பரவாயில்லை: மார்கரீட்டா பீட்சா, ஃபொக்காச்சா, உருளைக்கிழங்கு வறுவல், அத்துடன் டிரிங்க் பார்.

அமெரிக்காவில் எளிது, ஆனால் முட்டை சாப்பிடாதவர்களுக்கு அங்கே வேறு பிரச்சினை: பேன்கேக், வாஃபிள் மாவிலேயே முட்டை உண்டு. தென் மாநிலங்களில் பீன்ஸ், கீரை வகைகளைப் பன்றி இறைச்சித் துண்டோடு வேகவைப்பது பழைய வழக்கம். 'வெஜிடபிள் பிளேட்' என்று போட்டிருந்தாலும் கேட்டுவிடுங்கள்.

மிச்சத்தைப் பார்சல் கட்டித் தருவாங்களா?

அமெரிக்காவில் கேட்பதற்கு முன்பே டப்பா வரும். தட்டின் அளவே மறுநாளையும் கணக்கில் வைத்ததுதான். ஜப்பானில் அளவு சிறியது, மிச்சம் அபூர்வம், உணவு நச்சாகிவிடுமோ என்ற பயம் கடைக்காரர்களுக்கு அதிகம். 2019இல் உணவு வீணாவதைக் குறைக்கச் சட்டம் வந்த பிறகு நிலைமை மெல்ல மாறுகிறது. டென்னீஸ், ராயல் ஹோஸ்ட் போன்ற செயின்களில் பெட்டி கேட்டால் கிடைக்கும். உங்கள் பொறுப்பில் எடுத்துப் போகவேண்டும்.

குழந்தைகளுக்கு எது வசதி?

இரண்டுமே. அமெரிக்காவில் வண்ணம் தீட்டும் தாளும் கிரேயானும், 12 வயது வரைக்கும் தனி மெனு. ஜப்பானில் 'ஒகோசாமா லஞ்ச்' என்கிற தட்டு: சின்ன ஹம்பர்க், இறால் வறுவல், சோறு, புட்டிங். 1930இல் டோக்கியோவின் மிட்சுகோஷி பல்பொருள் அங்காடியின் உணவகத்தில் பிறந்த வழக்கம் அது. சோற்றுக் குன்றின் மேல் காகிதக் கொடி நட்டுக் கொடுப்பார்கள். சைசேரியாவின் குழந்தைகள் மெனுவில் 'பத்து வித்தியாசம் கண்டுபிடி' புதிர் இருக்கும். அது குழந்தைகளுக்கானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பூனை முக ரோபோ சாப்பாடு கொண்டு வருதாமே, அது சும்மா விளம்பரமா?

விளம்பரமாகத் தெரிந்தாலும் வேலைதான். ஸ்கைலார்க் குழுமம் 2021 முதல் இவற்றைக் கொண்டுவந்து சுமார் 3,000 வரை இறக்கியது. ரோபோ தட்டைச் சுமந்து மேசைவரை வரும். எடுத்து வைத்துக்கொள்வது நீங்கள். ஜப்பானில் ஆள் கிடைப்பது கடினம் என்பது முதல் காரணம். இன்னொன்று, பட்டன் பற்றிய கேள்வியில் சொன்னதுதான்: தட்டு கொண்டுவருகிறவரோடு உங்களுக்குத் தனி உறவு ஏதும் இல்லாத இடத்தில் அவருக்குப் பதில் பூனை வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அமெரிக்காவில் பூனைக்கு யார் டிப் வைப்பார்கள்?

ராத்திரி ரெண்டு மணிக்குப் போனா திறந்திருக்குமா?

முன்பு போல் இல்லை. ராயல் ஹோஸ்ட் 2017 தொடக்கத்திலேயே 24 மணி நேரச் சேவையை நிறுத்தியது. ஸ்கைலார்க் குழுமம் 2020இல் அதே முடிவை அறிவித்தது. அமெரிக்காவில் டென்னீஸ் கிளைகள் பலவும் கொரோனாவுக்குப் பின் நேரத்தைக் குறைத்தன. வாஃபிள் ஹவுஸ் மட்டும் பிடிவாதமாக விழித்திருக்கிறது. புயல் வந்தால் அது திறந்திருக்கிறதா என்று பார்த்துச் சேதத்தை மதிப்பிடும் 'வாஃபிள் ஹவுஸ் குறியீடு' என்ற வழக்கே அங்கே உண்டு.

அமெரிக்காவுல இந்த மாதிரி செயின் எல்லாம் திவாலாகுதுன்னு செய்தி வருது. ஜப்பான்ல மட்டும் எப்படித் தாக்குப்பிடிக்குது?

ஜப்பானிலும் செத்துத்தான் பிழைத்தது. 1990களின் பொருளாதாரச் சரிவில் பழைய ஸ்கைலார்க்கின் விலையைக் கொடுத்துச் சாப்பிட ஆளில்லை. 1992இல் அதே நிறுவனம் கஸ்டோ என்ற மலிவுக் கடையைத் தொடங்கி, தன் சொந்தக் கடைகளையே ஒவ்வொன்றாக அதற்கு மாற்றியது. 2009இல் ஸ்கைலார்க் என்ற பெயர்ப் பலகை வைத்த கடைசிக் கடையும் மூடப்பட்டது. அதே நிறுவனம் சீன உணவுக்குப் பாமியான், ஷாபுஷாபுவுக்கு (மெல்லிய இறைச்சியைக் கொதிக்கும் சாற்றில் முக்கியெடுத்துச் சாப்பிடுவது) ஷாபுயோ என்று பல பெயர்களை வைத்திருக்கிறது. ஒரு தெருவில் ஒன்று ஓடவில்லை என்றால் அந்தக் கட்டடத்திலேயே பலகையை மாற்றி இன்னொன்றைத் திறக்கிறது.

அமெரிக்காவில் 2024 மே மாதம் கடல் உணவு செயினான ரெட் லாப்ஸ்டரும் நவம்பரில் டிஜிஐ ஃப்ரைடேசும் திவால் பாதுகாப்புக் கேட்டன. ரெட் லாப்ஸ்டரை 'அளவில்லா இறால்' கவிழ்த்தது என்று எல்லோரும் சிரித்தார்கள். இறாலில் நஷ்டம் வந்தது உண்மை. ஆனால் 2014இல் அதை வாங்கிய முதலீட்டு நிறுவனம், கடைகள் நின்ற நிலத்தை 150 கோடி டாலருக்கு விற்றுவிட்டு, அதே நிலத்துக்கு வாடகை கட்டும் நிலையில் செயினை விட்டது. சொந்த இடத்தில் நடந்த கடை வாடகைக் கடையானது. இறால் அதற்கப்புறம் வந்தது.